கருப்புத் துணியில் விழுந்த முகம்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் இப்போது இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். "சார், டிவில ஓடற சீனை போன்ல எடுத்தா கோடு கோடா வருது. உங்க காலத்துல டிவி படத்தை அட்டையிலயே போட்டிருக்கீங்க. எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள். அதோடு இன்னொரு குறையும் சொன்னாள். எந்தப் படமானாலும் போனில் நிற்கவைத்துப் பார்க்கிற மாதிரி ஒடுக்கி வெட்டச் சொல்கிறார்களாம். அகலமாக எடுத்த காட்சியில் யாரை வைப்பது, யாரை விடுவது என்று மேலே இருக்கிறவர்களோடு தினமும் வாக்குவாதமாம்.

வெகுநேரம் பேசியும் எனக்குத் தீரவில்லை. ஓய்வுபெற்றுத் திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்த பிறகு இவ்வளவு வேகமாக நான் பேசி என் மனைவி கேட்டதில்லையாம். "எழுதிக் குடுங்க சார், நாங்க எல்லாரும் படிக்கறோம்" என்றாள் நிவேதா. எழுதிவிட்டேன்.

நான் தொழில் பழகியது இந்த ஊர் ஸ்டுடியோ ஒன்றில். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம். அங்கிருந்து சென்னை, சினிமாப் பத்திரிகை, போட்டோகிராபர் வேலை. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாப் போட்டோகிராபருக்கும் உள்ள கதைதான்.

என் வேலை சூடு பிடித்தது கேபிள் டிவி வீட்டுக்கு வீடு வந்த புதிதில். சீரியல் நடிகைகளின் படத்தைப் போடச் சொல்லி வாசகர்கள் எழுதினார்கள். சேனல்களிடமிருந்து படம் வருவதற்குள் இதழ் அச்சாகிவிடும். அதனால் டிவிப் பெட்டியையே படம் எடுத்துவிடலாம் என்று முடிவானது. கேட்க எளிதாக இருந்தது. முதல் நாள் பிளாஷ் போட்டு எடுத்தேன். கண்ணாடியில் வெள்ளை வட்டம்தான் வந்தது, நடிகையைக் காணோம். பிளாஷ் இல்லாமல் வேகமாக எடுத்தேன். பாதி முகம் இருந்தது, பாதி கருப்புப் பட்டை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தக் காலப் பெட்டியில் படம் ஒரே அடியாக வராது. மேலிருந்து கீழே கோடு கோடாக வரைந்துகொண்டே வரும். நம் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. கேமரா அவசரப்பட்டால் வரைந்த வரைக்கும்தான் பிடிக்கும். ஆகவே ஷட்டரை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அதற்குள் நடிகை தலையைத் திருப்பினால் முகம் குழம்பாகிவிடும். நான் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, அறையை இருட்டாக்கி, ஸ்டாண்டில் கேமராவை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். சீரியலில் யாராவது அதிர்ச்சி அடைந்தால் எனக்குக் கொண்டாட்டம். அப்போதுதான் அசையாமல் நிற்பார்கள். ஒரு மாமியார் அதிர்ச்சி அடைந்த அழகை அட்டையிலேயே போட்டோம்.

இன்னொரு ரகசியமும் உண்டு. டிவிப் பெட்டி விளம்பரங்களில் பளபளவென்று கிளி, அருவி, பூ என்று தெரியும் அல்லவா, அது எதுவும் அந்தப் பெட்டியில் ஓடிய படம் கிடையாது. பெட்டியை அணைத்து வைத்துத் தனியாகப் படம் எடுப்போம். கிளியின் படத்தை மூலைகள் வளைய பிளேடால் வெட்டி அதன்மேல் ஒட்டுவோம். வெட்டி ஒட்டுகிற வேலை முழுவதும் கோதண்டம் சாருடையது.

கோதண்டம் சார் எங்கள் லே-அவுட் பகுதியின் தலைவர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மை படாத விரல்கள். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆங்கில 'எல்' எழுத்து வடிவத்தில் கருப்பு அட்டை இரண்டு வைத்திருப்பார். படத்தின் மேல் இரண்டையும் எதிரெதிராக வைத்தால் ஒரு சட்டம் போல ஆகிவிடும். அதை ஒரு நூல் அளவு நகர்த்துவார், பார்ப்பார், இன்னும் ஒரு நூல் நகர்த்துவார். அப்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. முடிவானதும் பென்சிலால் கோடு போடுவார். கோட்டுக்கு வெளியே இருப்பது எதுவானாலும் போனது போனதுதான். ஒருமுறை ஒரு தயாரிப்பாளரையே வெட்டிவிட்டார். அவர் வந்து சத்தம் போட்டபோது, "உக்காருங்க, டீ சாப்பிடுங்க. நீங்க இருந்தா படம் நல்லா இல்லீங்க" என்றார். அந்த மனிதர் டீ சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இனி நான் நிவேதாவுக்குச் சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கதை.

கார்த்திகை தீபத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு காலையில் தாயும் மகளுமாக இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மகள் வசந்தா, கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா முனியம்மாள், மலை சுற்றும் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் விவசாயக் கூலி. நான் சினிமாப் பத்திரிகையில் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வசந்தா நேராக விஷயத்துக்கு வந்தாள். "சார், தியேட்டர்ல ஓடன படமும் டிவில போடற படமும் வேற வேறயா இருக்குமா?"

"ஏம்மா கேக்கறே?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். முனியம்மாள் சொன்னார். "தம்பி, இவளுக்கு ஒரு வயசு இருக்கும்போது எங்கூர்ல சினிமா எடுத்தாங்க. ஹீரோ மலை சுத்தி வர்றாரு, ஜனங்க சுத்தி நிக்கறாங்க. அந்தக் கூட்டத்துல எங்க வூட்டுக்காரரு இருந்தாரு. ஏழுமலைன்னு பேரு. மறு வருஷமே மல்லாட்டைக் கொல்லையில பாம்பு கடிச்சிப் பூட்டாரு. போட்டோ ஒண்ணு கூட இல்ல. படம் டென்ட்டு கொட்டாயில வந்தப்ப போய்ப் பார்த்தேன். ஹீரோவுக்கு அந்தாண்ட ஓரமா நின்னுக்கினு இருந்தாரு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"இப்போ டிவில போட்டாங்க சார்" என்றாள் வசந்தா. "தெருவே எங்க வீட்ல உக்காந்து பார்த்துச்சு. அப்பா வரவே இல்ல. நீ கனா கண்டிருப்பேன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க" என்றார் முனியம்மாள். "எனக்கே அவரு மூஞ்சி மறந்து பூட்ச்சோன்னு பயமா இருக்குது தம்பி. அன்னிலேர்ந்து கண்ணை மூடினா சரியா வர மாட்டேங்குது."

நான் எழுந்துவிட்டேன். என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அது சினிமாஸ்கோப் படம். உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். டிவிப் பெட்டியோ ஏறக்குறைய சதுரம். முழுசாகக் காட்டினால் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும். பெட்டி கெட்டுவிட்டதென்று ஜனங்கள் தட்டுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் போடுவார்கள். கிட்டத்தட்டப் பாதிப் படம் போய்விடும். ஹீரோ நடுவில் நிற்பார், பத்திரமாக இருப்பார். ஓரத்தில் நின்றவர்களுக்கு யார் பொறுப்பு?

"உங்க ஞாபகம் சரிதாம்மா" என்றேன். "டிவிக்காரங்க ஓரத்தை வெட்டிட்டாங்க. அவரு படத்துல இருப்பாரு."

முனியம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தப் படத்தின் போட்டோக்கள் எங்கள் ஆபீஸில் இருந்தன. ஆனால் பத்திரிகைக்கு வரும் படங்கள் சினிமா கேமராவில் எடுத்தவை அல்ல. தனியாக ஒரு போட்டோகிராபர் பக்கத்தில் நின்று எடுப்பவை. அவருக்கு நட்சத்திரங்கள் போதும். போனில் கேட்டுப் பார்த்தேன், கூட்டத்தில் ஒரு முகமும் இல்லை. படச்சுருள் வேண்டும். ஒரு சுருள் வேலூரில் விநியோகஸ்தரிடம் கிடந்தது. ஊரில் பழைய தியேட்டர் ஒன்றின் மேனேஜரிடம் போய், "தீபத்துக்கு இவ்ளோ கூட்டம் வந்திருக்கு, மலை வர்ற படம், காலைக் காட்சியா போடுங்க" என்று ஆசை காட்டினேன். அவருக்கும் அது சரியென்று பட்டது.

முதல் காட்சிக்கே மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். காட்சி வருகிறது. மலை, பாதை, ஜனங்கள். ஹீரோ நடந்து வந்து நின்று மலையைக் கும்பிடுகிறார். கேமராவும் நிற்கிறது. திரையின் வலது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. முழங்கைக்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கப்பால் இருட்டு.

"அந்தக் கைதான். செப்புக் காப்பு தெரியுது பாரு" என்றார் முனியம்மாள். அதற்குள் காட்சி மாறிவிட்டது.

நான் மாடிப்படி ஏறி ஆபரேட்டர் மஸ்தான் பாயிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "நம்ம சுவரு அகலம் கம்மி சார். ஸ்கோப் படம் போட்டா ரெண்டு சைடும் ஜாஸ்தியா போய் விழும். அசிங்கமா இருக்கும்னுதான் கருப்புத் துணி அடிச்சி வச்சிருக்கோம்."

"அப்ப ஓரத்துல நிக்கற ஆளு?"

"துணி மேல விழறாரு. கருப்புல எதுவும் தெரியாது."

ஏழுமலை அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் துணிமேல் வந்து நின்றுவிட்டுப் போகிறார். டிவி வெட்டியது ஒரு வெட்டு, தியேட்டர் வெட்டியது இன்னொரு வெட்டு. துணியைப் பிரிக்க மேனேஜர் ஒப்பவில்லை, பின்னால் சுவர் காரை பெயர்ந்து கிடந்ததாம். "பிரிக்க வேணாம். அது மேல வெள்ளையா ஏதாவது கட்டிக்கறோம்" என்றேன்.

எதிரே லாட்ஜ் மாடியில் துவைத்த படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வசந்தா தெருவைக் கடந்து ஓடினாள். என்ன சொல்லிக் கேட்டாளோ, திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு விரிப்பு இருந்தது. கூடவே வேடிக்கை பார்க்க லாட்ஜ் மேனேஜரும் வந்தார்.

மதியக் காட்சிக்கு முன்னால் அந்த ஒரு ரீலை மட்டும் ஓட்டித் தருவதாக மஸ்தான் பாய் ஒப்புக்கொண்டார். வெளியே டிக்கெட்டுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஏணி போட்டு, கருப்புத் துணியின் மேல் விரிப்பை ஊக்கு குத்தித் தொங்கவிட்டோம். நடுப் பாதையில் ஸ்டாண்டை விரித்து, திரையின் மொத்த அகலமும் விரிப்போடு சேர்ந்து தெரிகிற மாதிரி கேமராவை வைத்தேன். படத்தை நிறுத்தி வைத்து எடுக்க முடியாது. புரொஜெக்டருக்குள் கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தில் பிலிம் ஒரு நொடி நின்றால் பொசுங்கிவிடும். ஓடும்போதே எடுக்க வேண்டும், டிவிக்குச் செய்த மாதிரி மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஹீரோ கும்பிட்டு நிற்கிற அந்த நேரம் மட்டும்தான் எனக்கு.

ரீல் ஓடியது. ஹீரோ வந்து நின்றார். வலது பக்கம் வெள்ளை விரிப்பில் ஒரு மனிதர் நின்றார்.

"அவருதான்" என்றார் முனியம்மாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "மறக்கல. நான் மறக்கல."

ஆனால் விரிப்பு அசைந்துகொண்டே இருந்தது. ஃபேனை நிறுத்தியும், எங்கிருந்தோ காற்று. ஏழுமலை தண்ணீருக்குள் நிற்பவர் போல நெளிந்தார். நான் எடுத்த படம் தேறாது என்று எனக்கே தெரிந்தது.

மஸ்தான் பாய் ஆபரேட்டர் அறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னொரு வாட்டிதான் சார் முடியும். வெளியே கதவைத் தட்றாங்க."

"யாராவது கீழே புடிச்சிக்கினா நிக்கும்" என்றார் லாட்ஜ் மேனேஜர்.

நாங்கள் சொல்வதற்குள் வசந்தா போய்விட்டாள். விரிப்பின் அடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தலையைத் தூக்கினால் நிழல் விழும் என்று சொன்னேன். குனிந்துகொண்டாள். அந்த முறை அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே அவர் அசையாமல் நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன், உடனே இன்னொன்று, இன்னொன்று. காட்சி மாறிவிட்டது.

"வந்துச்சா சார்?" என்று கேட்டாள், குனிந்தபடியே.

"கழுவினாத்தாம்மா தெரியும்" என்றேன்.

சென்னைக்குப் போகிற பஸ்ஸில் பிலிம் சுருளை மடியிலேயே வைத்திருந்தேன். நேராக ஆபீஸ் இருட்டறைக்குள் போனேன். நெகட்டிவைக் கழுவி, பெரிய தாளில் பிரிண்ட் போட்டு மருந்துத் தட்டில் மிதக்கவிட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் மலை வந்தது. பிறகு ஹீரோ, பிறகு கூட்டம். வலது கோடியில் விரிப்பின் மடிப்புக் கோடு வந்தது, அதற்குப் பக்கத்தில் மெல்ல ஏழுமலை வந்தார். சுருட்டை முடி, கூரான மூக்கு, பக்கவாட்டில் முகம். அவருடைய அந்தப் பக்கத்துத் தோளில் ஏதோ மூட்டை மாதிரி இருந்தது. தாளை லேசாக ஆட்டினேன். மூட்டைக்குக் கண் வந்தது, வாய் வந்தது. ஒரு குழந்தை. தியேட்டரில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஈரம் காயாத பிரிண்டோடு கோதண்டம் சார் மேஜைக்குப் போய் மொத்தக் கதையையும் சொன்னேன். டிவி எப்படிப் படத்தை வெட்டுகிறது என்று ஒரு கட்டுரை போடலாம், இது முழுசாக வரட்டும் என்று கேட்டேன். அவர், பழக்கத்தில், 'எல்' அட்டைகளை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். ஹீரோவைச் சுற்றிச் சட்டம் விழுந்தது. ஒரு அட்டையை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். கூட்டம் வந்தது, கை வந்தது, முகம் வந்தது, குழந்தை வந்தது. அட்டை படத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. இரண்டையும் எடுத்து டிராயரில் போட்டார்.

"குழந்தை யாருதுங்க?"

"தெரியல சார்."

"இதுல எங்கயும் கோடு போட முடியாதுங்க" என்றார்.

ஆனால் எங்கே போடுவது? ஒரு பக்கத்தில் அடக்கினால் ஏழுமலையின் முகம் கடுகளவு ஆகிவிடும். இரண்டு பக்கம் சேர்த்துப் போட்டால் நடுவில் மடிப்பு வந்து படம் இரண்டாகப் பிளக்கும். இதழின் சரி நடுவில் இருக்கிற இரண்டு பக்கம் மட்டும் ஒரே தாள், அங்கே பிளவு இருக்காது. ஆனால் அங்கேதான் பின் அடிப்பார்கள். கோதண்டம் சார் அளந்து பார்த்தார். பின் ஹீரோவின் தோளில் இறங்கியது.

"கொஞ்சம் வலது பக்கம் தள்ளிட்டா ஹீரோ தப்பிச்சிடுவாரு" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"அந்தக் கோடியில நிக்கறவரு தாளை விட்டே போயிடுவாருங்க" என்றார் கோதண்டம் சார். "ஹீரோவ ஊரே பார்த்துடுச்சு. ஒரு பின்னைத் தாங்கிப்பாரு."

மேலும் கீழும் வெள்ளையாக இடம் விட்டு, படம் ஓரம்வரை முழுசாக வந்தது. அவ்வளவு காகிதத்தை வெறுமையாக விட்டு அவர் ஒரு பக்கம் அமைத்து நான் பார்த்ததே இல்லை. இதழ் வெளிவந்த அன்று ரசிகர் மன்றத்திலிருந்து போன். "எங்க தலைவர் தோள்ல ஆணி அடிச்சிட்டீங்களே, நியாயமா?" கோதண்டம் சார்தான் பேசினார். "பின்னை எடுத்துட்டுப் பாருங்க, அப்படியே சுவத்துல ஒட்டிக்கலாம். அதுக்குத்தாங்க நடுப்பக்கம்" என்றார். மறுமுனையில் இருந்தவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். மன்றம் மன்றமாக ஏழுமலையையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து நாங்கள் நாளெல்லாம் சிரித்தோம்.

அந்த வாரக் கடைசியில் இதழையும் பெரிய பிரிண்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். முனியம்மாள் வீட்டு வாசலில் தெரு ஜனங்கள் கூடிவிட்டார்கள், சிரித்தவர்கள் உட்பட. பாயை விரித்து, அதன்மேல் பிரிண்டை வைத்தேன். முனியம்மாள் குனிந்து பார்த்தார். விரலை ஏழுமலையின் முகத்துக்கு மேலே, தொடாமல், வைத்திருந்தார். பிறகு விரல் அவர் தோளுக்கு நகர்ந்து அப்படியே நின்றது.

"இந்த சொக்காய் நான் தச்சது" என்றார்.

"யாரு சொக்காம்மா?" என்றாள் வசந்தா.

"உன்னுது. மிச்சத் துணியில தச்சேன், கழுத்து கோணலா பூட்ச்சி. இது நீ." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் களை எடுக்கப் போயிருந்தேன் தம்பி. இவள அவங்க அத்தைகிட்ட உட்டுட்டுத்தான் ஷூட்டிங் பார்க்கப் போனாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். டென்ட்டு கொட்டாயில அவரு மூஞ்சியத்தான் பார்த்தேன். இத பார்க்கல."

வசந்தா பாயில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஜனமெல்லாம் ஹீரோவ பார்க்குது, ஏழுமலை மட்டும் எங்க பார்க்கறான்?" என்றார்.

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அதைக் கவனித்தோம். படத்தில் இருந்த அத்தனை முகங்களும் ஹீரோவின் பக்கம் திரும்பியிருந்தன. ஏழுமலை மட்டும் தலையைச் சாய்த்து, தன் தோளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வலித்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தார்.